வாய்மொழித் தேர்வு, காலை பதினொன்று

கடற்கரைச் சாலையில் கோபுரங்களோடு நிற்கிறதே
அந்தப் பழைய பல்கலைக்கழகத்தின் பிள்ளைகள்தான் நாங்களும்.
சொன்னால் ஆட்டோக்காரர் நம்புவதில்லை.
தண்டையார்பேட்டையில், உப்புக் கிடங்காய் இருந்த கட்டடம்.
முதுகலைக் கல்லூரி என்று எழுதிய பலகையில்
'மு' மட்டும் புயலோடு போய்விட
ஒன்பது வருடமாய் இது துகலைக் கல்லூரி.

சுவரில் இன்னும் உப்பு பூக்கிறது.
வெள்ளையடித்த மறுவாரமே
நூலகத்தில் பொருளியல் அலமாரிக்குப் பின்னாலிருந்து
மெல்ல எட்டிப் பார்க்கும்.
தொட்டு நாக்கில் வைத்தவர்கள் உண்டு.
நான் வைத்தேன்.

இன்றைக்குப் பிரிசில்லாவின் வாய்மொழித் தேர்வு.
'துறைமுக வாயிலில் கன்டெய்னர் லாரிகளின் காத்திருப்பு:
ஒரு பொருளியல் ஆய்வு.'
ஆறு வருடம், இருநூற்றுப் பதினான்கு ஓட்டுநர்கள்,
நின்றுபோன உதவித்தொகை, நிற்காத கல்யாணப் பேச்சு.
சமோசா வாங்கும் பொறுப்பு என்னுடையது.

பத்தரைக்கே அரங்கு நிறைந்துவிட்டது.
முன்வரிசையில் துறைத் தலைவர், நெறியாளர் அபூபக்கர்.
பின்வரிசையில் காசிமேட்டு ஏலத்தை முடித்துவிட்டு
ஈரப் புடவையோடு அவள் அம்மா.
கதவோரம், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று
ஏழெட்டு லாரி ஓட்டுநர்கள்.
வாய்மொழித் தேர்வுக்கு யாரும் வரலாம் என்பது விதி.
யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

பதினொன்று.
பதினொன்றே முக்கால்.
நெல்லூரிலிருந்து வர வேண்டிய வெளித்தேர்வாளர்
எர்ணாவூர் தாண்டவில்லை.
குறுக்குவழி என்று கைபேசி காட்டிய பாதை
அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம்
பிரிசில்லாவின் மூன்றாம் அத்தியாயம்.

யாரும் சிரிக்கவில்லை முதலில்.
தலைவர் சிரித்தபின் சிரித்தோம்.

அப்போதுதான் அவளுக்கு மஸ்தான் போன் செய்தார்.
"மேடம், ஆந்திரா நம்பர் வெள்ளக் காரு ஒண்ணு
என் வண்டிக்கு முன்னாடி மாட்டிக்கினு கீது.
உள்ள ஒரு பெரியவரு உன் புக்க வச்சி விசிறிக்கினு கீறாரு.
இட்டாரவா?"

மின்சாரம் போனது. மணலிக் காற்று வந்தது.
பிரிசில்லா பேசவிருந்ததை
ஜன்னலைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.
சமோசா ஆறியது. ஒன்றைத் தின்றேன்.
கணக்கு இடிக்காமலிருக்க இன்னொன்றையும்.

இரண்டு இருபதுக்கு
கிளீனர் பையனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து
வந்து இறங்கினார் வெளித்தேர்வாளர்.
புருவமெல்லாம் நிலக்கரித் தூசி.
தண்ணீர் வேண்டாம் என்றார்.
கழிப்பறை எங்கே என்றார்.

திரும்பி வந்து உட்கார்ந்தவர்
கோட்பாடு பற்றி, மாதிரி பற்றி
நாங்கள் பந்தயம் கட்டிய எதையும் கேட்கவில்லை.
"அம்மா, பதினேழு மணி நேரம் வரிசையில் நிற்பவன்
ஒன்றுக்கு எங்கே போவான்?
முந்நூறு பக்கத்தில் ஒரு வரி இல்லையே, ஏன்?"

கதவோரம் ஒரு இருமல்.
பிரிசில்லா குறிப்புத் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.
"கேட்டேன் சார். இருநூற்றுப் பதினாலு பேரும் சொன்னார்கள்.
தனி அத்தியாயமாகவே எழுதினேன்.
ஆய்வேட்டுக்கு அழகில்லை என்றார்கள்.
பின்னிணைப்பு நான்கில், அட்டவணையாக இருக்கிறது."

அபூபக்கர் சார் சமோசாத் தட்டைப் பார்த்தார்.
தட்டில் விடை இல்லை.
வெளித்தேர்வாளர் பக்கங்களைப் புரட்டி
நெடுநேரம் படித்தார். விசிறியதில் அட்டை மடங்கியிருந்தது.
"பின்னால் இருப்பதை முன்னால் கொண்டுவாருங்கள்.
அப்புறம்தான் அச்சுக்குப் போக வேண்டும்" என்றார்.
பரிந்துரைக்கிறேன் என்று சொன்னதும் அதே மூச்சில்தான்;
கைதட்ட இடம் விடவில்லை.
அவள் அம்மா மட்டும், ஏலம் முடிந்ததுபோல்,
"ஆங்" என்றாள்.

மாலையில் வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்தேன்.
பெயர், துறை, கையொப்பம்.
வரலாறு, வரலாறு, பொருளியல், மீன்.
கடைசியாக, வண்டியை வாயிலுக்குள் விட்டுவிட்டு
நாலரைக்கு ஓடிவந்த மஸ்தான்
துறை என்ற கட்டத்தில் எழுதியிருந்தார்:
வரிசை எண் 97.

அவருக்குச் சமோசா மிஞ்சவில்லை.
அதை இன்னும் நான் யாரிடமும் சொல்லவில்லை.